மௌஸைத் தொடாத அக்கா

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அதனாலேயே இரண்டு வேலைகள் போயிருந்தன. மூன்றாவதாகக் கிடைத்தது கடலூரில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ். 2008-ல் என்று நினைவு. பண்ருட்டி முந்திரியையும் பலாப்பழத்தையும் ஊர் ஊராக அனுப்புகிறவர்கள். சிதம்பரத்தில் புதிதாக ஒரு கிளை திறந்திருந்தார்கள். கடலூரில் பதிந்த பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரிய சிதம்பரத்திலிருந்து போன் போட்டுக் கேட்க வேண்டும். கடலூர் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிய, மௌஸே தேவைப்படாத பழைய டாஸ் புரோகிராமைத் தூக்கிவிட்டு, இரண்டு ஊரிலும் பிரௌசரில் திறந்து பார்க்கிற மாதிரி செய்து தரச் சொன்னார் முதலாளி. நான் சிதம்பரத்துக்காரன், தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

பழைய புரோகிராமை ஓட்டியது ஓர் அக்கா. செம்மண்டலத்தில் வீடு. கறுப்புத் திரையில் பெரிது பெரிதாக மஞ்சள் எழுத்து இருக்கும். லாரிக்காரர் சொல்லச் சொல்ல அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், எத்தனை மூட்டை, எந்த ஊர் என்று அடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு என்டர் தட்டுவார். கடைசியில் எஃப் ஃபைவ் அழுத்தினால் பதிவாகிவிடும். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எதிரில் நிற்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே விரல் பாட்டுக்கு ஓடும்.

மூன்று மாதத்தில் புதியதை முடித்தேன். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறச் சின்ன எழுத்து. ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் மௌஸால் பட்டியலைத் திறந்து எடுக்க வேண்டும். அப்போது அதுதான் ஸ்டைல். சிதம்பரம் கிளையில் இருந்த இருவரும் ஒரே நாளில் பழகிவிட்டார்கள்.

கடலூர் அக்கா மௌஸைத் தொடவே இல்லை. பழைய பழக்கத்தில் எல்லாம் அடித்து முடித்து எஃப் ஃபைவ் அழுத்துவார். பிரௌசருக்கு எஃப் ஃபைவ் என்றால் பக்கத்தை மறுபடி புதிதாகத் திற என்று பொருள். அடித்ததெல்லாம் காணாமல் போய்விடும். ஒரே காலையில் நாலு தடவை இப்படி ஆனது. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

“இது சரியில்ல தம்பி. பழசே நல்லா இருந்துது” என்றார்.

“ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மதியம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தம்மாவுக்கு ஒத்து வரலன்னா சொல்லிடு. மாசக் கடைசியோட நிறுத்திட்டு வேற ஆள் போட்டுக்கிறேன்.” பார்க்கலாம் சார் என்று வந்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் மனதில் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றிருந்தார். அவர் முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. போர்டில் ஊர்ப்பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்ணிடம், “இது செம்மண்டலம் போவுதாம்மா?” என்று கேட்டார்.

“போர்டுலயே போட்டிருக்கே” என்றாள் அந்தப் பெண்.

அக்கா காலால் படியைத் தேடி ஏறினார். கை கம்பியைத் துழாவிப் பிடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும் வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் டீ வேளையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டேன். “அக்கா, மௌஸ் அம்பு உங்களுக்குத் தெரியுதா?”

கிளாஸைக் கீழே வைத்தார். “ரெண்டு வருஷமா மங்கிக்கிட்டே வருது தம்பி. கண்ணாடி போட்டாலும் சரியாவாதுன்னுட்டாங்க. கறுப்புல பெரிய மஞ்ச எழுத்துன்னா கொஞ்சம் தெரியும். மத்தது கை பழக்கந்தான். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாத. பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்திருக்கா. வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்.”

அன்றே என் புரோகிராமைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தேன். பின்னணியைக் கறுப்பாக்கினேன், எழுத்தை மஞ்சளாக்கிப் பெரிதாக்கினேன். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். ஊர்ப்பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். எஃப் ஃபைவை மட்டும் பிரௌசர் விட்டுத் தர மறுத்தது. நாலு நாள் அதோடு மல்லுக்கட்டி, அழுத்தினால் பதிவாகிற மாதிரி கொண்டுவந்தேன்.

“என்னப்பா, சுத்திச் சுத்தி பழசு மாதிரியே செஞ்சு வெச்சிருக்க?” என்றார் முதலாளி.

“கண்ணுக்கு நல்லது சார். கரண்ட்டும் ஜாஸ்தி ஆவாது” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நம்பியதோடு நிற்கவில்லை. சிதம்பரத்திலும் அப்படியே மாற்றச் சொல்லிவிட்டார். அங்கே இருந்த இருவரும் என்னை வாய்விட்டே திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மாற்றியதில் முதல் பார்சலை அக்கா பதிந்தபோது நான் பின்னால் நின்றேன். விரல் எங்கும் தடுமாறவில்லை. முதலாளி தன் அறையிலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அந்த மாதக் கடைசியைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

அக்கா குரலைத் தாழ்த்தி, “இது எத்தினி வருஷம் தாங்கும் தம்பி?” என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா” என்றேன்.

“அது தாங்கும், நீ செஞ்சதாச்சே” என்றார். “பொண்ணு படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம் கெடக்கு. கண்ணு அதுவரைக்கும் தாங்கணும்.”