கஸ்டமர் கேர் குரல்

தண்ணி சுத்தம் பண்ற மிஷின் வாங்கின மூணாம் மாசமே படுத்துடுச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா, பதிவு பண்ணி வெச்ச ஒரு பொம்பளக் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது"ன்னு தேனொழுகச் சொல்லும். அப்புறம் பாட்டு. ஆளே வராது. கருவடிக்குப்பம் மாடி வீட்டுல நான் ஒருத்தி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாச்சு. பையன், பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊராச்சே, அவங்கப்பா வழியில பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கி பாரிஸ் பக்கம் செட்டில் ஆயிட்டான். ஜவுளிக்கடை பில்லிங் வேலை முடிஞ்சு வந்தா பேச யார் இருக்கா? தெனம் அந்தக் குரல்கிட்டதான் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்.

ஒரு நாள் கடுப்புல, தலை வாரி, பொட்டு வெச்சிக்கிட்டு, அதே குரல்ல ஒரு வீடியோ எடுத்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். அதனால்தான் எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். தாகமாக இருந்தால் எண் ஒன்றை அழுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் கேளுங்கள்." இன்ஸ்டாகிராம்ல போட்டேன். அட, பிச்சுக்கிச்சு! கடைக்கு வர்றவங்கெல்லாம் "அக்கா, ஒண்ணை அழுத்தட்டுமா"ன்னு கிண்டல். எப்பவாச்சும் கூப்பிடற பையன், ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்ப ஆரம்பிச்சான். அதுக்காகவே வாராவாரம் போட்டேன், சத்தியமா.

அப்புறம் சென்னையிலருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. நான் கம்பெனி பேரைக்கூட சொல்லல. ஆனா குரல் அச்சு அசல் அவங்களோடதாம், பேரு கெட்டுப் போச்சாம். எல்லாத்தையும் எடுத்துட்டு வீடியோவுல மன்னிப்புக் கேக்கணும், இல்லன்னா கோர்ட்டு. யாரைக் கேக்கறது? எனக்குத் தெரிஞ்ச ஜனம் எல்லாம் அந்த போனுக்குள்ளதான் இருந்துச்சு. கேமரா முன்னாடி உக்காந்து நோட்டீஸை அப்படியே படிச்சேன். "தனியாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது. யாராவது உதவி செய்யுங்கள்"ன்னேன். பாழாப்போன பழக்கம், கேமராவைப் பாத்தாலே எனக்கு அந்தக் குரல்தான் வரும்.

வீடியோ பாத்தவங்க கொண்டாடித் தீத்துட்டாங்க. "செம அக்கா, வக்கீலையும் விட்டு வெக்கலியா!" பையன்கிட்டருந்து வழக்கமா வர்ற ஒண்ணுக்குப் பதிலா மூணு சிரிப்பு பொம்மை.

பழசையெல்லாம் எடுத்துட்டு, மன்னிப்பு வீடியோ போட்டேன். அதுக்கும் சிரிச்சாங்க. மறுநாளே வக்கீல் ஆபீஸ்லருந்து போன்.

"என்ன மேடம், மன்னிப்புலயும் நக்கலா?"

"ஐயோ சார், நெஜமாத்தான் கேட்டேன்."

"அப்புறம் ஏன் கீழ கமெண்ட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க?"

பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பேஜையும் மூடிட்டேன்.

அந்த வாரம் பூரா போன் வாயே தொறக்கல. ஞாயித்துக்கிழமை பீச் ரோட்டுல அத்தனை கூட்டத்துக்கு நடுவுல உக்காந்து, அசிங்கமா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

வீட்டுக்கு வந்ததும் பையன் கூப்பிட்டான்.

"ஏம்மா, பேஜ் எங்க காணோம்? இங்க ஃபிரெண்ட்ஸுக்குக் காட்டலாம்னு பாத்தேன்."

"மூடிட்டேன்டா. கேஸு போடுவேன்னாங்க."

"அது நெஜமாம்மா? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேடா. நீ சிரிச்ச."