ஜெசி அடக்கமாகிவிட்டாள்!

போன ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பேச்செல்லாம் என் மகள் ஜெசியைப் பற்றித்தான்.

"என்னக்கா, நம்ம ஜெசியா இது? பூசை முடியிற வரைக்கும் அசையலயே!"

"பொம்பளப் பிள்ளைன்னா இப்படித்தான் அடக்கமா இருக்கணும்."

எதிர்வீட்டு மேரி மட்டும் காதருகே வந்தாள். "அந்த மாத்திரை பேரைச் சொல்லுங்கக்கா. எங்க வீட்டு வாலுக்கும் வாங்கிக் குடுக்குறேன்."

சிரித்துவைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஜெசிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். அதோடு, ஓரிடத்தில் நிற்காத பரபரப்பு, எதிலும் நிலைக்காத கவனம். 'ரெண்டும் ஒண்ணா வராதும்மா' என்றார் திண்டுக்கல் டாக்டர். 'ஏன் வராது?' என்றார் மதுரை டாக்டர். நடுவில் நாங்கள் — யாரை நம்புவது?

இதற்கிடையில் ஒருநாள் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். லாரி பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை... மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கிவிட்டோம்.

"இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இது எப்படிப் பிடிக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றுதான் டாக்டர் அனுப்பினார்.

கவனித்தோம். ஓட்டம் நின்றது. கிளாஸ் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு வேடசந்தூர் ரோட்டில் இருக்கிறது. சாயங்காலம் மில் பஸ் வரும். ஜெசி கேட்டைப் பிடித்துக்கொண்டு "பாம் பாம்!" என்று கத்துவாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பதில் சொல்வார். வெளியாள் ஒருவரோடு அவள் பேசுகிற பேச்சு அது மட்டும்தான்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. பதில் இல்லை. மறுபடியும் அடித்தது.

ஜெசி நாற்காலியில் இருந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே விரல் நுனித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ரத்தம்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏன்டி, பிள்ளை ஏன் இப்படி உக்காந்திருக்கு?"

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சாப்பிடுதா?"

"இல்ல டாக்டர்."

"முன்னமே ஏம்மா சொல்லல?"

"அடக்கமாயிருச்சுன்னு நெனச்சோம் டாக்டர்..."

"அது அடக்கம் இல்லம்மா. மாத்திரை ஒத்துக்கல. நாளைக்குக் குடுக்காதீங்க, கூட்டிட்டு வாங்க."

ஒரு பெண் குழந்தை வாயடைத்து உட்கார்ந்தால் நம் ஊரில் யாருக்காவது சந்தேகம் வருமா? பாராட்டுதான் வரும். பெற்றவள் எனக்கே வரவில்லையே!

டாக்டர் அளவைப் பாதியாக்கியிருக்கிறார். கூடினால் பிள்ளை உள்ளுக்குள்ளேயே போய்விடுகிறாள், குறைந்தால் ரோட்டுக்குப் போய்விடுவாளோ? இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எங்கே கிடைக்கும்?

நேற்றுச் சாயங்காலம் மில் பஸ் வந்தது. நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

"பாம் பாம்!"

தெருவே அதிர்ந்தது. மேரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பழையபடி ஆரம்பிச்சிருச்சா?"

"ஆமா மேரி, ஆரம்பிச்சிருச்சு!" என்றேன் — கேட் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டே.