சீமெந்துக்குள் போன பூக்கள்

துறைமுகப் பக்கத்துப் பழைய பள்ளிவாசலில் கல்தூண்களின் பூவேலையை வரைய, இன்று குச்சவெளியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

தூண்கள் எல்லாம் சீமெந்து பூசப்பட்டு, பச்சைப் பெயின்டோடு நின்றன.

"பூவெல்லாம் எங்க?" என்று நிர்வாகி ஹாஜியாரைக் கேட்டேன்.

"ஒண்டும் போகல்ல மாஸ்டர், உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கு. தூசி படிஞ்சா துடைக்க ஏலாதே!"

செதுக்கியவனுக்கு வலிக்காத கை, இவருக்குத் துடைக்க வலிக்கிறது.

அடுத்த கிழமை தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் வளைவின் கொடிவேலைக்கும் பூச்சாம். பதறிப்போய் அங்கேயே உட்கார்ந்து அதை வரைந்தேன்.

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "என்ன வடிவு மாஸ்டர்! தாங்களேன், கண்ணாடி போட்டுப் பள்ளியில மாட்டுவம்."

எங்கே மாட்டுவார்? பூசி மெழுகிய அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான்.

படம் இன்னும் என் பைக்குள் இருக்கிறது. கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.