அக்கா சொன்னால்தான் ஆமென்

கட்டிலை இறக்கி வைத்ததும் அதன் தலைமாட்டில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் பீரோ அண்ணன். "வந்துட்டோம்டா. இனி உன் பாடு" என்கிறார். கட்டில் பதில் சொல்லாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஃப்ரிட்ஜ், மேசை, அலமாரி எதுவானாலும் பத்திரமாகத் தரையைத் தொட்டதும் இரண்டு தட்டு உண்டு. "என்னையும் ஒருநாள் தட்டுவாருன்னு இருபத்தாறு வருஷமா காத்திருக்கேன்" என்பார் அவர் மனைவி, சிரிக்காமல்.

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். உடம்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. பெயர் யார் வைத்தது என்று கேட்டால், "நானேதான். மத்தவங்க வச்சா இன்னும் மோசமா வைப்பாங்கல்ல?" என்கிறார்.

எங்கள் பங்குக் கோயிலில் ஆண்கள் சகோதர சபை ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர். எங்களைப் பார்த்தால் இயேசுவின் பன்னிரண்டு திருத்தூதர்கள் ஞாபகம் யாருக்கும் வராது. ஒழுகும் கூரையை அடைப்பது, நடக்க முடியாதவர்களைத் திருப்பலிக்கு அழைத்து வருவது, சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஐம்பது கிலோ தேறமாட்டேன். "நீங்க செருப்பு, கைத்தடி எல்லாம் பார்த்துக்குங்க சார். அதுவும் முக்கியம்" என்று அண்ணன் எனக்கும் ஒரு பதவி கொடுத்திருக்கிறார்.

கனமான எதையும் செபம் சொல்லித்தான் தூக்குவோம். 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினால் தூக்க வேண்டும், 'ஆமென்' என்றால் இறக்க வேண்டும். "எண்ணித் தூக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணினா சண்டை வரும் சார். ஒருத்தன் ஏழும்பான், ஒருத்தன் ஒன்பதும்பான்" என்றார் அண்ணன்.

போன மாதம் தையலக்கா விஷயம் வந்தது. கோயிலுக்கு எதிர்க் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருக்கிறார். அவருடைய தையல் மெஷினை அங்கே ஏற்றி இரண்டு தட்டுத் தட்டியதும் அண்ணன்தான். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் படிக்கட்டில் விழுந்து அக்காவின் இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை. லிஃப்டும் கிடையாது. ஒரே மகளுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். "பொண்ணு உடுப்பை நான்தான் தைச்சேன். அவ அதைப் போட்டுட்டுப் போறதை ஜன்னல்லேருந்துதான் பார்க்கணுமா தம்பி?" என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணன் ஒரு கைவைத்த நாற்காலியில் இரண்டு கழிகளைக் கட்டினார். முதலில் தானே உட்கார்ந்து பார்ப்பது அவர் முறை. "என்னைத் தூக்கிட்டா ஊரையே தூக்கலாம்." வியாழக்கிழமை ஒத்திகை. அக்கா மேலே தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் தூக்க, அண்ணன் நாற்காலியிலிருந்தபடி செபம் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஏழாவது படியில் செபம் முடிந்தது. "ஆமென்" என்றார். நால்வரும் பக்தியோடு இறக்கி வைத்தார்கள், படியின் மேலேயே.

முதல் மாடி வரை மீதியிருந்த பதினொரு படிகளை அண்ணன் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். அடி ஒன்றும் பலமில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அண்ணனும் சேர்த்துத்தான். அக்கா சிரிக்கவில்லை. "நீங்க எல்லாரும் நல்லவங்கதான் தம்பி. ஆனா நான் வரல" என்று கைத்தடியால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை அண்ணன் போய் அந்த மூடிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தார். செருப்பு அதிகாரி என்ற முறையில் நானும் போயிருந்தேன்.

"அக்கா, பசங்க மேல தப்பில்ல. செபம் சின்னதாப் போச்சு. நாளைக்கு மாதா பிரார்த்தனை சொல்லுவோம். அது ரொம்ப நீளம், ஆமென் லேசுல வராது."

உள்ளே கைத்தடிச் சத்தம் கதவருகே வந்தது. அப்புறம் மெதுவாக, "யாரு சொல்றது?"

"நீங்கதான். நீங்க ஆமென் சொல்லாம ஒருத்தனும் இறக்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

கதவு ஒரு கை அகலம் திறந்தது.

சனிக்கிழமை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பிரார்த்தனையை ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம். ஒரு வேண்டிக்கொள்ளுக்கு ஒரு படி. தான் விழுந்த இடம் வந்தபோது அக்காவின் குரல் நடுங்கியது. முன்கழியைப் பிடித்திருந்த அண்ணன் இன்னும் உரக்கப் பதில் சொன்னார். குரல் நிமிர்ந்தது. முப்பத்தாறு படிகளும் முடிந்தன, பிரார்த்தனை முடியவில்லை. கழி பிடித்திருந்த மற்ற மூவரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"அக்கா இன்னும் முடிக்கல. நடங்கடா!"

தெருவைக் கடந்தோம். ஒரு பேருந்து எங்களுக்காக நின்றது. கோயில் வாசலில் காத்திருந்த மணப்பெண் அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு முன்னால், கோயிலின் நடுவழியே, மாப்பிள்ளை வாய் பிளந்து பார்க்க, அக்கா கணீரென்று பிரார்த்தனை சொல்லிக்கொண்டே போனார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒன்றில் செருப்பு, இன்னொன்றில் கைத்தடி.

முதல் வரிசைக்கு வந்ததும் அக்கா நிறுத்தி, மூச்சு வாங்கி, "ஆமென்" என்றார். நாற்காலி சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.

பழக்க தோஷத்தில் அண்ணனின் கை நாற்காலியின் சாய்மானத்தை நோக்கிப் போனது. உட்கார்ந்திருப்பது அக்கா என்று நினைவு வந்து பாதியில் நின்றது. அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் குனிந்தார். வியர்த்திருந்த அவர் வழுக்கைத் தலையில் தையலக்கா இரண்டு தட்டுத் தட்டினார்.