மொட்டைத் தலையோடு கப்பலேறியது

எங்கள் திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவன் வெளியூர்க்காரன். சந்தனம் பூசிய தலைகள் தினமும் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கும். நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம். இந்தப் பழக்கம் கடல் தாண்டினால் செல்லாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த சமயம். பட்டணத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மலேரியா, அங்கே மருந்து கொடுக்க ஒரு டாக்டர் தொண்டர்களைத் தேடுகிறார் என்றார்கள். கை தூக்கியவர்கள் பலர். கோடை விடுமுறை வந்தபோது மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

நைனாவுக்குக் கோபம். "நம்ம கழனில களையெடுக்க ஆளில்ல. தொர கடல் தாண்டி சேவ செய்யப் போறாராம்," என்றார். அதன்பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

அம்மா என்னை மலைக்கு அழைத்துப் போனாள். பத்திரமாகப் போய்வர முடிக் காணிக்கை. அன்று கிருத்திகைக் கூட்டம். நாவிதர் போன வேகத்தில் தலையோடு மீசையையும் வழித்துவிட்டார். நைனாவையும் அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். அவருக்குத் தன் குடுமிமேல் அப்படியொரு பிரியம். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, முடிந்து முடிப்பதற்குள் மாடு பசியில் கத்த ஆரம்பித்துவிடும். "என் குடுமிய எந்தச் சாமியும் கேக்கல," என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்கும் வரவில்லை. ரயில் நகர்ந்த பிறகும் நான் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாரே என்ற வருத்தம் கடைசிவரை கூடவே வந்தது.

தனுஷ்கோடியில் கப்பலேறினேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் தலையையும் மேலுதட்டையும் பார்த்துவிட்டு, "அப்பாவா, அம்மாவா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். எனக்குப் புரியவே நேரமாயிற்று. ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

தோட்டத்திலும் அதே கதைதான். காலையில் கஞ்சிப் பானையோடு ஏறுவேன். வரிசை வீடுகளில் கதவு கதவாக நின்று கொயினா மருந்தை ஊற்றுவேன். பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொள்ளும், குடித்ததைப் பாதி என் சட்டைமேல் துப்பும். சரிவில் இறங்கி வந்து காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துப்போட்டுவிட்டு மறுபடி ஏறவேண்டும். சேவை என்ற வார்த்தை பட்டணத்தில் இருந்தபோது இவ்வளவு கனமாக இல்லை. இந்த அலுப்புக்கு நடுவில் வீட்டுக்கு வீடு துக்கம் விசாரிப்பு. திருத்தணி முருகனுக்கு வேண்டுதல் என்பேன். வெறும் மொட்டையாயிருந்தால் நம்பியிருப்பார்கள். மீசையும் போனதால், "பாவம், இன்னும் மனசு ஒப்பலை," என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் ஒரு அம்மாளிடம், "மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்கம்மா! எங்க நைனா உசுரோட கீறாரு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "துக்கத்துல கோவம் வரத்தானே செய்யும்," என்று இன்னொரு தம்ளர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது. டாக்டர் ஊருக்குத் தந்தி கொடுத்தார். நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது புத்தி எங்கெங்கோ போயிற்று. இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே நைனாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? பேசாமலே போய்விட்டாரோ? தலையைத் தடவிப் பார்த்தேன். முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்தணியில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒரு மொட்டைத் தலை என்னை நோக்கி வந்தது. ஊர் வழக்கப்படி கண்டுகொள்ளாமல் இருந்தேன். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, நைனா. குடுமி இல்லை. மீசையும் இல்லை.

அவர் உயிரோடிருக்கிறார் என்ற நிம்மதி ஒரு கணம்கூட நிற்கவில்லை. அப்படியானால் யாருக்காக இந்த மொட்டை?

"அம்மா எங்க நைனா?" குரல் உடைந்தது.

"ஊட்லதான் கீறா. உனுக்கு மொளகு ரசம் வெச்சிகினு கீறா. ஏன்டா அழுவுற?"

நான் அவர் தலையைக் காட்டினேன். அவர் குடுமி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"ஜொரம்னு தந்தி வந்திச்சி. உங்கம்மா மலையேறினா. நானும் கூடப் போனேன்."

"மீசையுமா?"

"அந்த ஆளு கத்தி மீசைல நிக்குதாடா?" என்றவர், "மசுருதானே, மொளைச்சிக்கும்," என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெயில் படாத அந்தப் பின்னந்தலை வெளுப்பாக இருந்தது. கடைத்தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் வீடுவரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.