வட்டமான ஓட்டை

ஓட்டை வட்டமாக இருந்தது. என் கட்டைவிரல் அதில் தாராளமாக நுழைந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அதைத் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கும் தகரச் சட்டியை நாங்கள் ஆயில் சம்ப் என்போம். ரோட்டுக் கல் அடித்தால் முன்னாலிருந்து பின்னால் நீளமாகக் கோடு விழும், நசுங்கும், அப்புறம்தான் கிழியும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. கீழேயிருந்து நேராக மேலே, கடப்பாரை முனையால் யாரோ குத்தியிருந்தார்கள்.

கார் என் பாவாவுடையது, அக்காவின் வீட்டுக்காரர். பழைய அம்பாசடர். திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் ரோட்டில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. காருக்கு அடியில் படுத்துவிட்டால் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பாவாவுக்கு வாயைவிடக் கை முந்தும். மலையடிவாரத்தில் வழி விடாத ஒரு ஆட்டோக்காரரின் முன்பல்லை உடைத்தார். அக்காவின் மணிக்கட்டை இரண்டு முறை உடைத்தார். இரண்டாவது முறை நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாவாவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எலும்பு முறியும் சத்தம் கேட்டபோதும் அவர் கை நிற்கவில்லை. நானும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

பாவாவுக்கும் அவருடைய தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. அன்று காலை டிக்கியில் அரிவாள்களைப் போட்டுக்கொண்டு, நான்கு ஆட்களோடு, பொதட்டூர்பேட்டை பக்கம் இருந்த தம்பி வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டியை நிறுத்தி, டிராக்டரில் கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள வண்டி கெளம்பணும் மச்சான். அவன் இன்னிக்கு ஊட்லதான் கீறான்" என்றார்.

வேறொரு காரிலிருந்து கழற்றிய நல்ல சம்ப் ஒன்று என்னிடம் இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற எனக்கு அக்கா முகம்தான் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் அந்த வீட்டில் சாப்பிடும்போது, சம்ப் தகரம் மெல்லிசு, அதில் ஓட்டை விழுந்தால் வண்டி ரொம்ப தூரம் ஓடாது என்று பாவாவிடம் நான்தான் உளறியிருந்தேன். அக்கா அப்போது குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த ஓட்டையைப் பாவா பார்த்தால் இந்த முறை மணிக்கட்டோடு விடமாட்டார்.

அவர் ஆட்களோடு டீ குடிக்கப் போன நேரத்தில் சட்டியைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாறைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஜல்லியில் போட்டு இழுத்தேன். கல் அடித்தது மாதிரி கோடுகள் விழ ஆரம்பித்தன. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். பாவா நின்றிருந்தார்.

"கழட்டிப் போடற சட்டிய எதுக்குடா தட்டிகினு கீற?"

"கல்லுதான் பாவா அடிச்சிருக்கு" என்றேன்.

ஓட்டை எப்படி விழுந்தது என்று அவர் கேட்கவே இல்லை. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

சட்டியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். என் கோடுகளெல்லாம் வெளியில். உள்ளே தகரம் ஓட்டையைச் சுற்றிப் பூ மாதிரி நேராக மேலே விரிந்திருந்தது. அதே சட்டியால் என் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்தது. பழைய எண்ணெயும் ரத்தமும் கலந்து கண்ணில் இறங்கியது. முடியைப் பிடித்து முருகன் கோயில் மலை தெரியும் பக்கமாக என் தலையைத் திருப்பினார்.

"மலையப் பாத்து சொல்லு. கல்லா?"

முருகனைப் பார்த்து எனக்கு வாய் திறக்கவில்லை. அதுவே அவருக்குப் போதும்.

"அப்ப ஊட்ல இருக்கறவதான். இன்னிக்கு அவ செத்தா" என்று சொல்லி, ஒரு ஆளிடம் பைக் சாவியை வாங்கினார்.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். மலை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அக்கா இல்ல. நான்தான் குத்தினேன். விடியக்காலம் வந்து குத்தினேன். நீ அவள அடிக்கிறல்ல, அதுக்கு."

அவரை 'நீ' என்று நான் சொன்னது அந்த ஒருமுறைதான். வீல் ஸ்பானரால் முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. அப்புறம் என் இடது கையை வேலை மேசைமேல் வைத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேர் பிடித்தார்கள். விரல்கள்மேல் எத்தனை அடி விழுந்தது என்று தெரியவில்லை, மூன்றாவதோடு எனக்கு நினைவு போய்விட்டது. கடைசியில், "போதும்ணா, செத்துடுவான்" என்று அவர்களில் ஒருவன்தான் ஸ்பானரைப் பிடுங்கினானாம். இந்தக் கூச்சல் போன் வழியாகப் பாவாவின் தம்பி காதுக்கு எட்டி, அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, சம்ப் மாட்டாமலே கிடந்த அந்தக் காரை மறுபடி இழுத்துக்கொண்டு பாவாவே வந்தார். ஒரு கையால் என்னால் சம்ப்பைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், காருக்கு அடியில் நகர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்து, இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"நெசமாவே நீதானாடா?" என்றார்.

"ஆங்" என்றேன். கடைசி போல்ட் இறுகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அக்காவை அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். அடித்தார். இப்போது அவரும் இல்லை, அவர் அம்மாவும் இல்லை. போன மாதம் பாவாவின் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றினேன். இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன்: அன்றைக்கு அந்தக் கடப்பாரையைத் தூக்க உனக்கு எப்படித் தைரியம் வந்தது?

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நான் எங்கடா குத்தினேன்? எங்க அத்தை. பெரியவன் சின்னவன வெட்டிடுவான்னு குத்திச்சி. நான் பாத்துகினுதான் இருந்தேன். நீயும் தெரிஞ்சிதான் சொன்னேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பெற்ற பிள்ளைக்கு என்றதும் அந்தக் கை கீரையை விட்டுக் கடப்பாரையைத் தூக்கியிருக்கிறது. அப்போ அந்தக் கிழவிக்காகவா நான் அத்தனையும் வாங்கினேன் என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

அக்கா என் கையிலிருந்து குடத்தை வாங்கி, அண்டாவைத் தானே கழுவிக் கவிழ்த்தாள்.

"யாருக்குன்னா இன்னாடா. அன்னிக்கு ஒரு நாளு எனக்கு அடி உழல."