பதினைந்து நிமிடக் கெடு

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பொறுங்க'. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் பொறுங்க, கூரை இடிந்து விழுகிறது என்றாலும் பொறுங்க. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. பதினோரு வருடமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பவளிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. என் முதுகுக்குப் பின்னால்தான் அவருடைய அறை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. சர்வர் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டியின் இரைச்சலை நாள் முழுக்கக் கேட்டுத் தொலைப்பவள் நான்தான்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். எந்த செட்டிங்கை மாற்றினாலும் முதலில் நீல நோட்டைத் திறப்பார். பழையது என்ன, புதியது என்ன, காரணம் என்ன என்று மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மாற்றுவார். சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து மூன்று முறையும் ஒழுங்காக எழுந்து வந்தால்தான் 'முடிஞ்சுது' என்று சொல்வார். ஒரு தடவை எழுந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறேன். பதில் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வேலை, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாக டைப் செய்து கொடுப்பது. டைப் செய்பவர்கள் ஒன்பது பேர். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நோயாளிகளின் சமாசாரம் என்பதால் ஒரு வரி கூட ஆபீசைத் தாண்டக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கட்டளை. அந்த ஒன்பது பேரில் மூத்தவரை நாங்கள் அக்கா என்போம். டாக்டர் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசினாலும் அக்காவுக்கு மட்டும் புரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் குழறிவிட்டது. இரண்டு மாத லீவும் தீர்ந்த பிறகு ஒரு நாள் அக்கா ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது, அவரைத் தனியாக விட்டுவிட்டு வரவும் முடியாது. முதலாளியம்மா கடிதத்தை வாங்கப் போனபோது தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொறுங்க."

வெளியே வந்து விளக்கினார். சர்வரில் ஒரு சாஃப்ட்வேர் போடலாம். அக்கா வீட்டிலிருந்தபடியே இங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். கோப்பு எதுவும் வெளியே போகாது. திரையின் படம் மட்டும்தான் அங்கே போகும், அக்கா தட்டுகிற எழுத்து இங்கே வரும். முதலாளியம்மா பத்துக் கேள்வி கேட்டார். கடைசியில் மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் இந்தக் கடிதம் செல்லும் என்று அதை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவி என்னிடம் இருந்த பாவத்துக்கு நானும் வந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. சாஃப்ட்வேரை ஏற்றினார், லைசென்ஸ் எண்ணைப் போட்டார், அக்காவுக்கு ஒரு கணக்குத் திறந்தார், வெளியிலிருந்து வேறு யாரும் நுழையாதபடி கதவுகளை அடைத்தார். எல்லாம் ஓடிய பிறகும் குரலை ஓடவிடும் அந்த மிதியை மட்டும் சர்வர் கண்டுகொள்ளவே இல்லை. அதற்காகத் தரையில் படுத்து, மேஜைக்கு அடியில் தலையை விட்டு இரண்டு மணி நேரம் போராடினார். கடைசியில் காலை வைத்ததும் ஒரு டாக்டர் இருமினார். அந்த இருமலைக் கேட்டு ஒரு மனிதன் அப்படிப் பூரித்துப் போனதை நான் பார்த்ததில்லை.

அன்று போட்ட செட்டிங்குகளில் ஒன்றுதான் பின்னால் வம்பானது. பதினைந்து நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடு, திறந்திருப்பதையெல்லாம் மூடிவிடு என்று இரண்டு டிக் போட்டார். எங்கள் சர்வர் பழசு. யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் அதற்கு மூச்சு முட்டும். அதற்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

அக்கா வீட்டிலிருந்து வேலை பார்த்தார். பக்கங்கள் வந்துகொண்டிருந்தன, ஒரு பிழை கிடையாது. மூன்றாவது மாதம் முதலாளியம்மா சர்வரின் பதிவை அச்செடுத்துத் தரச் சொன்னார். பார்த்தால் அக்காவின் கணக்கு ஒன்பது மணி நேரமும் விடாமல் விழித்திருக்கிறது. ஆனால் நடுநடுவே அரை மணி, முக்கால் மணி ஒரு எழுத்துக் கூட விழவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் மட்டும் அசைந்திருக்கிறது, மணி அடித்தது போல. மவுஸை ஆட்டுவதற்கென்றே மெஷின் விற்கிறார்களாமே, நம் காதில் பூ சுற்றுகிறார்களா என்று முதலாளியம்மா கேட்டார். நேரில் போய்ப் பார்த்து வரும்படி பொறுங்கவிடம் சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. வீடு தெரியும் என்று சாக்குச் சொல்லி நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அக்காவின் கையெல்லாம் சோப்பு நுரை. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஒரே அறை, பின்னால் சமையலறை. கட்டிலை ஒட்டி மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் திரை நாற்காலியைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டிரைவர் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, பலகைமேல் மவுஸ், மவுஸ்மேல் அவருடைய இடது கை. எதிர்ச்சுவரில் கடிகாரம். நாங்கள் நிற்கும்போதே முள்ளைப் பார்த்தார், மவுஸை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்துப் பக்கத்திலிருந்த நோட்டில் கோணல்மாணலாக மணியைக் குறித்தார்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். முதல் நாள் அவருக்குத் துணி மாற்றிப் படுக்கையைச் சரி செய்யப் போயிருந்தார். இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்தால் முக்கால் மணி நேரம் டைப் செய்த அறிக்கை மாயம். மறுநாளும் அதே கதை. ஆபீஸ் சட்டம் போலிருக்கிறது, கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்து சமையலறையில் நின்று அழுதிருக்கிறார். கட்டிலில் கிடந்தவர் கூப்பிட்டு, அந்த எலியை என்னிடம் கொடு என்றிருக்கிறார்.

"தப்புன்னா இப்பவே நிறுத்திடறோம்ப்பா," என்றார் அக்கா.

டிரைவருக்கு அது பிடிக்கவில்லை. குழறினாலும் கணீரென்றுதான் பேசினார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் தம்பி. பத்து நிமிஷத்துக்கு ஒரு ட்ரிப். இதுவரைக்கும் ஒண்ணு கூட மிஸ் ஆகல."

பொறுங்க அச்செடுத்த தாளை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். 9.40, 9.50, 10.00. சர்வர் எழுதியதும் டிரைவர் எழுதியதும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. பொறுங்க அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுக்கா. நான் சர்வருக்கு மூச்சு முட்டுமேன்னு பாத்தேன். உங்களை நினைக்கல."

அங்கிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து, திறந்திருப்பதையெல்லாம் மூடச் சொல்லும் டிக்கை மட்டும் எடுத்தார். இனி இணைப்பு அறுந்தாலும் டைப் செய்தது அப்படியே இருக்கும், மறுபடி பாஸ்வேர்ட் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அந்தப் பதினைந்து நிமிடக் கெடுவையே எடுத்துவிடுகிறேன், யாரும் காவல் இருக்க வேண்டாம் என்று கையைக் கொண்டு போனார். டிரைவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு டூட்டி இல்லையா?"

பொறுங்க திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெடுவைத் தொடாமல் அந்தப் பக்கத்தை மூடினார்.

"பொறுங்க சார். யோசிச்சுப் பாத்தா இது இருக்கறதுதான் நல்லது. கட் ஆச்சுன்னா அக்கா மறுபடி பாஸ்வேர்ட் போடணும், பெரிய தொல்லை. நீங்கதான் பாத்துக்கணும்."

டிரைவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

நோட்டை வாங்கி வந்து முதலாளியம்மாவிடம் கொடுத்தோம். நான்கு பக்கம் புரட்டினார். அந்த ராஜினாமாக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷி. நோட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னார்.

அதன் பிறகு பொறுங்கவுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் வந்ததும் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறப்பார். சும்மா இருக்கும் நிமிடங்கள் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அக்காவின் வரியில் அது பத்தைத் தாண்டாது. 'வண்டி கிளம்பிடுச்சு' என்று தடுப்பைத் தட்டுவார். எனக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிந்து விழுவேன். ஆனால் அவர் தட்டாத நாளில் நானே எட்டிப் பார்ப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் மதியம் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்காவின் வரியில் பதினொன்று. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு. பிறகு பதின்மூன்று. டிரைவருக்கு ஏதோ ஆகிவிட்டது, போன் போடுகிறேன் என்று ஓடினேன்.

"பொறுங்க," என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

பதினான்கு. நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். திரையில் எண் மாறியது. பூஜ்யம்.

அடுத்த நிமிடமே போன் அடித்தது. எதிர்முனையில் அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"வலது கையால தள்ளினாரும்மா. நாலு நிமிஷமா முயற்சி பண்ணி, வலது கையாலயே தள்ளிட்டார்."

நான் ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே அழுதேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும். விஷயத்தைச் சொன்னதும் பொறுங்க நீல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழையது பதினைந்து நிமிடம் என்று எழுதினார். புதியது இருபது நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், வலது கை என்று எழுதிவிட்டு சர்வர் பக்கம் திரும்பினார்.